தட்டினால் இறங்கும்

முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பேரம் பேசி வாங்கிய தராசு.
ஒரு புஸ்தகத்தின் அகலம்தான்.
பேட்டரி போட்டதும் பூஜ்யம் காட்டி விழித்துக்கொண்டது.

மஸ்கட்டிலிருந்து நாத்தனார் அனுப்பிய குறிப்பில்
மைதா இரண்டு கப்,
சீனி ஒன்றரைக் கப்,
அண்டிப்பருப்பு நறுக்கியது ஒரு கப்.
எந்தக் கப்பு றோஸ்லெட் என்று கேட்டேன்.
"சாதா கப்புதான் மைனி."

அவள் வீட்டுச் சாதா வேறு.
போன கிறிஸ்மசுக்கு
என் வீட்டுச் சாதாவில் அளந்தேன்.
பதினொரு கேக்கும் நடுவில் குழிந்துபோயின.
மேல்புறம் சபையில் அதைத் தின்றவர்கள்
நல்லாருக்கு என்றார்கள்,
உடனே தண்ணீர் கேட்டார்கள்.

இந்த வருஷம் நாற்பது கேக்குக்கு ஆர்டர்.
வின்சிலா டீச்சர் முன்பணமும் தந்தாச்சு.

றோஸ்லெட்டைத் திரும்பக் கூப்பிட்டு
கப்பில் தண்ணீர் பிடித்து நிறுக்கச் சொன்னேன்.
சிரித்தாள். நிறுத்தாள். இருநூற்று நாற்பது.
என் அலமாரியில் அதே இருநூற்று நாற்பதுக்கு
ஒரு எவர்சில்வர் கப் அகப்பட்டது,
பையன் ஓட்டப் பந்தயத்தில் வாங்கியது.

இனி ராத்திரி வேலை.
வெறும் கப்பைத் தராசில் வைத்து
ஒரு பொத்தானை அமுக்கினால்
கப் இருக்கிறது, அதன் எடை இல்லை.
இது எனக்குப் புதுசு.
மூன்று தடவை அமுக்கிப் பார்த்தேன்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்:
முழுசு, நூற்றிருபத்தெட்டு.
இரண்டாய்ப் பிளந்தது, நூற்று முப்பத்தாறு;
ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிப் படுத்துக்கொள்கிறது.
நறுக்கியது, நூற்றிருபத்திரண்டு.
பொடித்தது, நூற்று நான்கு.
கப்பை மேசையில் இரண்டு தட்டு தட்டினேன்.
பொடி ஒரு விரல் இறங்கிற்று.
நிரப்பினேன்: நூற்றுப் பதினேழு.

அதே கப், அதே பருப்பு.
தட்டுகிற கைக்குப் பதின்மூன்று கிராம்.
முழுசாய் நிரம்பிய கப்பிலோ
பாதிக்குக் கொஞ்சம் குறைவாய்க் காற்று.
காற்று கேக்குக்கு வேண்டும்தான்,
அதை முட்டையில் அடித்துச் சேர்த்துக்கொள்வேன்.
பருப்பு விலைக்கு வேண்டாம்.

பகலில் எனக்குக் கப் கிடையாது.
அண்டி ஆபீசில் தோல் எடுக்கிறேன்.
எல்லாம் கிலோ. முழுசுக்கு ஒரு கூலி,
உடைந்ததற்கு அதில் பாதி.
பருப்போடு சருவத்தைத் தூக்கித் தராசில் வைத்தால்
செல்வதாஸ் சாரின் பேனா சொல்லும்:
"சருவத்துக்கு அரைக்கிலோ கழிச்சு..."
ஆறு வருஷமாய் அந்த அரைக்கிலோவை
ஜெபத்தின் ஆமென் போலக் கேட்டிருக்கிறேன்.

சருவம் என்னுடையது.
கழுவிக் கவிழ்த்து, அடுப்புக்குப் பக்கத்தில்
சுவரில் சாய்ந்து நின்றது.
ஈரம் துடைத்தேன்.
தராசை விட மூன்று மடங்கு அகலம்,
எண் தெரியாமல் மறைத்தது;
குனிந்து, டார்ச் அடித்துப் படித்தேன்.

நானூற்றுப் பன்னிரண்டு.

எடுத்து, மறுபடி வைத்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.

எண்பத்தெட்டு கிராம்.
நாளைக்கு நாலு நிறுவை.
முந்நூற்று ஐம்பத்திரண்டு.

இவ்வளவு நேரம் கப்பைக் கிராமாக்கிக்கொண்டிருந்தேன்.
இப்போது கிராமைக் கப்பாக்கினேன்,
எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியட்டும் என்று.
நூற்றிருபத்தெட்டால் வகுத்தால்
மிச்சமில்லாமல் வந்தது:
இரண்டே முக்கால் கப்.
முழுசு. தட்டாமல்.

அளந்து தட்டில் கொட்டினேன்.
குவியலின் உச்சியிலிருந்து ஒன்று உருண்டு
மேசை விளிம்பில் நின்றது.
உள்ளே யாரோ இருமினார்கள்.

மைதாவை இன்னும் நிறுக்கவில்லை.
தராசைத் துண்டில் சுற்றி
நாளைய சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தேன்.
அமலோற்பவத்தின் சருவம் என்னுடையதை விடச் சின்னது.